இறங்காதேங்கோ, அக்கா

கனடாவுக்குப் போகிறேன் என்றதும் கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஆளாளுக்கு ஓர் ஆசை முளைத்தது. ஒருத்திக்கு முகத்துக்குப் பூசும் கிறீம், இன்னொருத்திக்கு சொக்கிளேற், மேல்வீட்டுக்காரருக்கு முழங்கால் நோவுக்கு ஏதோ எண்ணெய். என் தங்கை சாந்தா மட்டும் வாய் திறக்கவில்லை. நான் பெட்டி கட்டி முடித்த பிறகு, தன் மகள் மயூரி நித்திரையாகிவிட்டாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, அவர் சனி ஞாயிறிலை எங்கை போறார் எண்டு பாத்துக்கொண்டு வா. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் என்றால் அவளுடைய புருஷன் தேவன். மயூரி தவழத் தொடங்கிய காலத்தில் ரொறொன்ரோவுக்கு அகதியாகப் போனவர். இப்போது பிள்ளைக்கு ஏழு வயது. தாயையும் மகளையும் கூப்பிட ஸ்பொன்சர் செய்து, பத்திரமெல்லாம் அனுப்பியிருந்தார்; அது எந்தக் கந்தோரில் எந்த மேசையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இருவரும் என்னோடு ஒற்றை அறையில் இருந்தார்கள். கிழமை நாட்களில் தேவனின் போன் ஒழுங்காக வரும். சனி ஞாயிறில் வராது. நாங்கள் எடுத்தாலும் ஆள் இல்லை. கேட்டால், "இஞ்சை வந்தாப் போலை சொல்லுறன்" என்பார். போனில் சொல்ல முடியாத அப்படி என்ன விசயம்? தனி ஆண்பிள்ளை, வெளிநாடு. எங்கள் ஒழுங்கையில் இதற்கு விடை தெரியாதவர்கள் எவரும் இல்லை. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அவரை நான்கு கேள்வி நறுக்கென்று கேட்கவேண்டும் என்ற ஆத்திரத்தோடுதான் விமானம் ஏறினேன்.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என்னை அழைத்தவள் என் பள்ளித் தோழி கமலா. அவளுடைய மகளுக்குக் கல்யாணம். அஜின்கோர்ட்டில் அவள் வீட்டு மேல்மாடியில் எனக்கு ஓர் அறை தந்தாள். நவம்பர் மாதம். மரங்களில் ஓர் இலை இல்லை. நான் மூன்று சுவெற்றர் போட்டுக்கொண்டு நடமாடினேன். கமலாவின் பெண் என்னைப் பார்த்து, "அன்ரி, யூ லுக் லைக் எ பிலோ" என்று சொல்லிச் சிரித்தாள். தலையணையாம். சிரிக்கட்டும், அவளுக்குத் தடிமன் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

அஜின்கோர்ட்டில் எனக்குப் பட்ட முதல் அதிசயம் குளிர் அல்ல, முருங்கைக்காய். கமலா கூட்டிப்போன கடையில் முருங்கைக்காய், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, கருவாடு எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். கொழும்பில் யாழ்ப்பாணத்துச் சாமான் வருகிற பாதை அடைபட்டு நாங்கள் ஒடியல் கூழ் குடித்து வருசக்கணக்காகிவிட்டது. இங்கே உலகத்தின் மற்றப் பக்கத்தில், வெளியே பனி தூறிக்கொண்டிருக்க, ஒரு பெடியன் காதில் வளையம் போட்டுக்கொண்டு ஒடியல் மா விற்கிறான். எனக்குக் கோபம்தான் வந்தது.

புதன்கிழமை தேவனைப் பார்க்கப் புறப்பட்டேன். அவர் இருந்தது மோர்னிங்சைட்டில். கமலா இரண்டு பஸ் என்று சொல்லி அனுப்பினாள். முதல் பஸ்காரர் கையில் ஒரு சின்னச் சீட்டுத் துண்டு தந்தார். பயணம் முடிந்ததும் துண்டைக் கசக்கி எறிகிற ஊரிலிருந்து வந்தவள் நான். கசக்கி எறிந்தேன். அந்தத் துண்டைக் காட்டினால்தான் அடுத்த பஸ் ஏற்றும் என்று அடுத்த பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. கறுப்பினச் சாரதி, பெரிய உருவம். நான் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உட்காருங்கள் அம்மா, அடுத்த முறை அதை எறியாதீர்கள்" என்றார். கொழும்பு பஸ்ஸாக இருந்தால் கொண்டக்டர் என் பரம்பரையையே இழுத்திருப்பான். அந்தச் சந்தோசத்தில் இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். திரும்பி ஒரு மைல் குளிரில் நடந்தேன்.

தேவன் நிலக்கீழ் அறை ஒன்றில் இருந்தார். ஆள் இளைத்து, நெற்றி மேலேறி, தாடியில் நரை. என்னைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. நான் இளகவில்லை. சாப்பாடு போட்டார். கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. தொண்டைக்குள் இறங்க இறங்க என் சந்தேகம் ஏறியது. தனியாக இருக்கிற ஓர் ஆண்பிள்ளைக்கு இவ்வளவு கைப்பதம் எங்கிருந்து வரும்?

அவர் தேநீர் போடப் போன நேரம் நான் அலுமாரியைத் திறந்தேன். ஓம், திறந்தேன். தங்கச்சி அனுப்பிய வேலை, செய்யத்தானே வேண்டும். ஒரு சேலை, ஒரு ஹெயர்பின், ஒரு நீளத் தலைமயிர் என்று என் கண் தேடியது. சட்டைகளுக்குப் பின்னால் ஒரு நீளக் கறுப்புப் பெட்டி சாத்தி வைத்திருந்தது. இரண்டு பூட்டு. ஏதோ வாத்தியப் பெட்டி என்று நினைத்தேன். வயலின்காரி ஒருத்தியை வைத்திருக்கிறாரோ என்றுகூட என் புத்தி ஓடியது.

"அது துவக்கு, அக்கா."

கையில் இரண்டு கோப்பையோடு பின்னால் நின்றார்.

அலுமாரிக் கதவை அறைந்து சாத்தினேன். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், கை தானாகக் கதவைச் சாத்தும். "என்ன கோதாரிக்குத் தம்பி உமக்குத் துவக்கு?" என்று கத்தினேன்.

"மான் வேட்டைக்கு. லைசன்ஸ் இருக்கு. வகுப்புக்குப் போய், சோதினை எடுத்து, பொலிஸ் விசாரிச்சுத்தான் தந்தது. என்னோடை வேலை செய்யிற டோனி எண்ட இத்தாலியன் கிழவன் பழக்கினவர். சனி ஞாயிறிலை அவரின்ரை தோட்டத்துக்குப் போவன். சீசன் இல்லாத காலம் சுட்டுப் பழகிற இடத்துக்குப் போவன்."

"அதைச் சாந்தாவுக்குச் சொன்னா என்ன? அவள் உமக்கு இஞ்சை வேறை குடும்பம் இருக்கெண்டு நினைச்சு உருகிறாள்!"

தேவன் கோப்பைகளை மேசையில் வைத்தார். "கொழும்புக்குப் போனிலை துவக்கு எண்டு எப்பிடி அக்கா சொல்லுறது? ஆர் கேட்டுக்கொண்டிருக்கிறானோ. கடிதத்திலை எழுதினாலும் உடைச்சுப் பாப்பாங்கள். புருசன் கனடாவிலை துவக்கு வச்சிருக்கிறான் எண்டு அவளையெல்லோ இழுத்துக்கொண்டு போவாங்கள்."

நான் கொண்டுவந்த நான்கு கேள்வியில் மூன்று அந்த இடத்திலேயே செத்துப்போயின. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: இவ்வளவு ஆபத்து இருக்கிற சாமானை ஒரு மனிதன் ஏன் வைத்திருக்க வேண்டும்? அதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "சும்மா, ஒரு பொழுதுபோக்கு" என்றார். பேய்க்கதை, நான் நம்பவில்லை.

"இந்தச் சனிக்கிழமை நானும் வாறன்" என்றேன்.

சனிக்கிழமை விடிய முன்னரே கார் நகரத்தைத் தாண்டிவிட்டது. வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம். வழியெல்லாம் வெறும் வயல், தானியக் கோபுரங்கள், மாடுகள். எங்கள் மாட்டைப் போல இரண்டு பங்கு. டோனியின் தோட்ட வீட்டில் அவர் மனைவி மரியா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தாள். எனக்கு என் புருஷன்கூட, அவர் இருந்த காலத்தில், வெளிச்சத்தில் அப்படித் தந்ததில்லை. ஆண்கள் செம்மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். எதற்கு இந்தக் கலர் என்று கேட்டேன். மற்ற வேட்டைக்காரன் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்கவாம். மற்றவன் கண்ணில் பட்டால்தான் உயிர் தப்பலாம் என்ற காட்டை நான் அன்றுதான் கண்டேன். நாங்கள் அறிந்த காடெல்லாம் வேறு விதம்.

மரியாவுக்கு ஆங்கிலம் என்னைவிடக் குறைவு. இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பகல் முழுவதும் உள்ளிப்பூண்டு உரித்தோம். போன வருசத்து மான் இறைச்சியைத் தக்காளியோடு அவியவிட்டிருந்தாள். வாசம் நல்லாய்த்தான் இருந்தது, உறைப்புத்தான் இல்லை. என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் இருக்கும். அவள் திரும்பிய நேரம் இரண்டு கரண்டி போட்டேன். மத்தியானம் டோனி சாப்பிட்டுவிட்டுக் கண்ணீர் வடித்துக்கொண்டு மனைவிக்குக் கைதட்டினார். மரியா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

மான் ஒன்றும் அகப்படவில்லை. பின்னேரம் திரும்பப் புறப்படும்போது தேவன் துவக்கைத் துடைத்தார். தோட்டா இல்லை என்று தானும் பார்த்து, டோனிக்கும் காட்டி, விசையில் ஒரு பூட்டு, பெட்டிக்கு இரண்டு பூட்டு போட்டு டிக்கிக்குள் வைத்தார். தோட்டாக்கள் வேறு பெட்டியில். பிறகு காருக்குள் ஏறி, வெயில் மறைக்கும் தட்டியில் ஒரு ரப்பர் பட்டியால் மூன்று அட்டைகளைச் செருகினார். சாரதி லைசன்ஸ், கார்ப் பத்திரம், துவக்குப் பத்திரம்.

"ஏன் உந்த அட்டையளை அங்கை தொங்கவிடுறீர்?"

"பொலிஸ் மறிச்சா பொக்கற்றுக்குள்ளை கை விடக்கூடாது அக்கா. என்னத்தை எடுக்கிறானோ எண்டு அவனுக்குப் பயம் வரும். இதெண்டால் கண்ணுக்கு முன்னாலை கிடக்கும். நீங்களும் மூண்டு விசயம் கேளுங்கோ. மறிச்சா இறங்காதேங்கோ. கையை மடியிலை வச்சிருங்கோ, பைக்குள்ளை விடாதேங்கோ. நான்தான் கதைப்பன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "தம்பி, நான் நாளுக்கு ரெண்டு தரம் செக்பொயின்ற் தாண்டுறவள். எனக்கே பாடம் எடுக்கிறீர்?"

உண்மையும் அதுதான். நான் வேலை செய்கிற தபால் கந்தோருக்குப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. பஸ் நிற்கும். எல்லோரும் இறங்குவோம். கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டு வரிசையில் நடப்போம். சிப்பாய் பெயரை வாசிப்பான், முகத்தைப் பார்ப்பான், மறுபடி பெயரை வாசிப்பான். மழையோ வெயிலோ அப்படித்தான். இறங்காமல் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஒரு கதை தெரியும்.

கார் ஓட ஓட தேவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். காது கொடுத்தேன். ஆங்கிலம். "மாலை வணக்கம் ஐயா. டிக்கியில் ஒரு வேட்டைத் துவக்கு இருக்கிறது. தோட்டா இல்லை, பூட்டியிருக்கிறது. பத்திரங்கள் மேலே தட்டியில் இருக்கின்றன. எடுக்கலாமா?" திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"என்ன, தேவாரமோ?" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தார்.

நெடுஞ்சாலையிலிருந்து மோர்னிங்சைட்டுக்கு இறங்கும் வளைவில் இருட்டத் தொடங்கிவிட்டது. அந்த நாட்டில் நவம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் கடையைப் பூட்டிவிடும். வளைவின் அடியில் விளக்குகள் சுழன்றன. கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்கிற சோதனையாம். தேவன் கண்ணாடியை இறக்கினார், உள்விளக்கைப் போட்டார், இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் உச்சியில் வைத்தார். எங்கள் முறை வந்தது. நரைமீசைப் பொலிஸ்காரர் ஒருவர் அவர் பக்கம் குனிந்தார். என் பக்கத்தில் ஓர் இளம் பொலிஸ்காரி, நல்ல உயரம். தேவன் தன் தேவாரத்தைத் தொடங்கினார். "மாலை வணக்கம் ஐயா. டிக்கியில் ஒரு வேட்டைத் துவக்கு..."

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். வாகனம் நின்றுவிட்டது, விளக்கு எரிகிறது, சீருடை நிற்கிறது. என் கை கதவைத் திறந்தது. என் கால் தரையில் நின்றது. வலக்கை கைப்பைக்குள் போய், கொழும்பில் வைத்துவிட்டு வர மனமில்லாமல் கொண்டுவந்திருந்த அடையாள அட்டையைத் துழாவியது.

பொலிஸ்காரி ஒரே பாய்ச்சலில் பின்னால் போனாள். அவள் கை இடுப்பில். "கை! கையைக் காட்டு! பையைப் போடு!" என்று கத்தினாள். அந்த ஆங்கிலம் எனக்கு விளங்கத்தான் செய்தது. ஆனால் கத்தக் கத்த என் கை இன்னும் வேகமாக அட்டையைத் தேடியது. கத்துகிறவனுக்கு அட்டையைக் காட்டினால்தானே கத்தல் நிற்கும்? அதுதானே எனக்குத் தெரிந்த உலகம்.

காருக்குள்ளிருந்து தேவனின் குரல் கேட்டது. உரத்தும் இல்லை, பதறியும் இல்லை. முதலில் ஆங்கிலத்தில். "ஐயா, நான் இப்போது என் மொழியில் இவரோடு பேசப்போகிறேன். பையை விடச் சொல்லப்போகிறேன்." பிறகு தமிழில். "அக்கா, தேடாதேங்கோ. கையை மெல்ல வெளியிலை எடுங்கோ. பையை நிலத்திலை விடுங்கோ." பிறகு சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில். ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை. நான் குனிந்து பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கின் உச்சியில் அப்படியே இருந்தன, விரல் நகங்கள் மட்டும் வெளுத்துப்போய்.

பையை விட்டேன். மிளகாய்த்தூள் போத்தல் உருண்டது. அட்டை ஈரத்தில் விழுந்தது. கார்க் கூரையில் கையை வைக்கச் சொன்னாள். இரும்பு ஐஸாகக் குளிர்ந்தது.

தேவன் தொடர்ந்து சொன்னார். "ஐயா, இவர் என் மனைவியின் அக்கா. இலங்கையிலிருந்து வந்து ஒரு கிழமைதான். அங்கே பொலிஸ் மறித்தால் இறங்கி அட்டையைக் காட்டவேண்டும். இறங்காவிட்டால் சுடுவார்கள். இவர் உங்கள் சொல்லை மீறவில்லை. கீழ்ப்படிகிறார்."

பின்னால் நின்ற கார் ஒன்று ஹோன் அடித்தது. நரைமீசைக்காரர் அதைப் பார்த்துக் கையை உயர்த்த, அது அடங்கியது.

அதன் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. தேவனை இறக்கி டிக்கியைத் திறக்கச் சொன்னார். பெட்டியின் பூட்டு, விசைப் பூட்டு, தோட்டாப் பெட்டி எல்லாம் பார்த்தார். வாயை ஊதச் சொல்லி மணந்து பார்த்தார். தட்டியிலிருந்த அட்டைகளை வாங்கி, தன் சட்டைப் பையிலிருந்த சின்னப் புத்தகத்தில் பெயரையும் கார் இலக்கத்தையும் எழுதினார். பொலிஸ்காரி என் கையை இறக்கச் சொன்னாள். குனிந்து என் அடையாள அட்டையை எடுத்தாள். சிங்களமும் தமிழும், பழைய கறுப்பு வெள்ளைப் படமும். "இது என்ன?" என்றாள்.

"நான்தான்" என்றேன். வேறு ஒன்றும் என் வாயில் வரவில்லை.

அதைத் தன் கையுறையில் துடைத்துத் தந்தாள். "இங்கே காருக்குள்ளேயே இருங்கள் அம்மா. வெளியில் குளிர்" என்றாள். மிளகாய்த்தூள் போத்தலையும் தேடி எடுத்துத் தந்தாள். பாவம், என் கமலாவின் மகள் வயதுதான் இருக்கும்.

நரைமீசைக்காரர் தேவனுக்கு அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, முதலிலேயே சொன்னது நல்லது என்றார். கார் நகர்ந்தது. தேவன் அரை மைல் ஓட்டிப்போய் ஒரு டோனட் கடையின் முன்னால் நிறுத்தினார். அங்கே போய் உட்கார்ந்தோம். அவர் கோப்பையைத் தூக்கினார். கோப்பி மேசையெல்லாம் சிந்தியது. நான் என் சால்வையால் துடைத்தேன்.

பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். "இப்ப சொல்லும். என்னத்துக்கு உமக்கு இந்தச் சனியன்? ஒரு மானும் சுட்டீரோ இவ்வளவு காலத்திலை?"

"இல்லை அக்கா. ஒருக்கா ஒண்டைக் கண்டனான். பாத்துக்கொண்டு நிண்டனான்."

"பிறகேன்?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பாட்டை வன்னியிலை ஒரு துவக்கு இருந்தது. லைசன்ஸோடை. வயலுக்கு வாற காட்டுப் பண்டியைக் கலைக்க. ஒருநாள் துவக்குச் சேக்கிற இயக்கப் பெடியள் வந்து வாங்கிக்கொண்டு போட்டாங்கள். லைசன்ஸ் மட்டும் வீட்டிலை கிடந்தது. பிறகு ஆமி வந்து அதைப் பாத்திட்டு, துவக்கு எங்கை எண்டு கேட்டது. அப்பா உள்ளதைத்தான் சொன்னார். நம்பேல்லை. ஆருக்குக் குடுத்தனி எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சது. அதுக்குப் பிறகு அவர் நிமிந்து நடக்கேல்லை."

நான் ஈரச் சால்வையைப் பிழிந்து மடித்தேன்.

"இஞ்சை முதல் தரம் டோனியோடை வரேக்கை பொலிஸ் மறிச்சது. டோனி சொல்லித் தந்த மாதிரி, துவக்கு இருக்கெண்டு சொன்னன். அவன் பாத்தான். நன்றி சேர், கவனமாப் போங்கோ எண்டான். அவ்வளவுதான் அக்கா. அவ்வளவுதான். வீட்டை வந்து விடிய விடிய அழுதன். அப்பா சொன்ன மாதிரித்தான் நானும் சொன்னன். உள்ளதை."

அவர் கோப்பையை நிமிர்த்தி முன்னால் தள்ளிவிட்டு, "அப்ப நீர் மானுக்குப் போறேல்லை, பொலிசுக்குப் போறீர்" என்றேன். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

சிரிப்பு நிலைக்கவில்லை. "இண்டைக்கு என்ரை பேரை எழுதிப்போட்டான் அக்கா. இந்த நாட்டிலை ஒரு பார்க்கிங் ரிக்கற்றும் எனக்கு இல்லை. இது போய் ஸ்பொன்சருக்குள்ளை விழுந்தா என்ன செய்யிறது? துவக்கோடை பிடிபட்டவன், காரிலை வந்தவள் பைக்குள்ளை கை விட்டவள் எண்டு எழுதியிருந்தா? சாந்தாவும் பிள்ளையும்..."

"என்ரை கால்தான் இறங்கினது" என்றேன்.

"கொழும்பிலை இருந்து வந்த ஆரெண்டாலும் இறங்குவினம். சாந்தாவும் இறங்குவாள். மயூரியும் இறங்குவாள்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவை வாறதெண்டால், வரமுதல் பழக்கிவிடுங்கோ அக்கா. நீங்கள் சொன்னா துவக்கை நாளைக்கே வித்துப்போடுறன்."

அன்று அதற்குப் பதில் சொல்லவில்லை. கல்யாணம் நடந்தது. பார்க்டேலில் பழைய ஆட்கள் சிலரைப் போய்ப் பார்த்தேன். மழை ஆடை போட்டுக்கொண்டு பெரிய நீர்வீழ்ச்சியையும் பார்த்தேன். ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சின்னப் புத்தகமும், அதில் ஓடுகிற பேனையும்தான் தெரிந்தன. விமான நிலையத்துக்கு தேவன்தான் கொண்டுவந்து விட்டார். கதவடியில் வைத்துச் சொன்னேன். "விக்க வேண்டாம், வச்சிரும். ஆனா சனிக்கிழமை பின்னேரம் போன் எடும். மான் பாக்கப் போனனான் எண்டு சொல்லும், அவளுக்கு விளங்கும்."

வெள்ளவத்தையில் கதவைப் பூட்டி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, சாந்தாவின் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அப்ப வேறை ஒருத்தியும் இல்லையோ?"

"இல்லையடி விசரி. துவக்குத்தான்."

அவள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். பிறகு மாமனாரின் கதையைக் கேட்டாள். அதை அவர் அவளுக்கும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கட்டில் காராகியது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தாயும் மகளும், முன் சீற்றாக ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்காருவார்கள். நான் ரோர்ச் லைற்றோடு வந்து மறிப்பேன். "இறங்காதை. கை எங்கை? மடியிலையோ, முன் சீற்றிலையோ வை. பைக்குள்ளை விடாதை." சாந்தாவின் கை ஒவ்வொரு முறையும் பைக்குப் போகும். மயூரி கெதியாகப் பிடித்துக்கொண்டாள். கதிரையின் முதுகில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு கேட்பாள்: "பெரியம்மா, இறங்காட்டி சுடமாட்டினமோ?" அங்கே சுடமாட்டார்கள் என்பேன். சொல்லும்போதே எனக்குள் அந்தச் சின்னப் புத்தகம் விரியும். இந்தப் பிள்ளை அங்கே போகத்தான் போகிறதா? மறித்துப் பழக்குகிறேனே, நானே மறித்துவிட்டேனோ? சனிக்கிழமைகளில் தேவன் போன் எடுத்தார். கடிதம் ஏதும் வந்ததா என்று ஒவ்வொரு முறையும் நான் குறுக்கே கேட்டேன். இல்லை என்பார்.

வந்தது. மழைக்காலம் தொடங்கியபோது, கனடாத் தூதரகத்திலிருந்து, இருவரையும் கடவுச்சீட்டோடு வரச்சொல்லி. அந்தப் பொலிஸ்காரர் எழுதியது எங்கே போனதோ, யார் வாசித்தார்களோ, எங்களுக்குத் தெரியாது. எழுதினது உள்ளதைத்தான் போல. நான் தூதரக வாசலில் நின்று அழுத அழுகையைப் பார்த்து, விசா மறுத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு மனிதர் எனக்குச் சோடா வாங்கித் தந்தார்.

அவர்களை விமான நிலையத்துக்கு வாடகை வான் ஒன்றில் கொண்டுபோனோம், விடியற்காலை. வழியில் மறித்தார்கள். சாரதி உள்விளக்கைப் போட்டார். நான் இறங்கினேன், சாந்தா இறங்கினாள், பையைத் திறந்து அட்டைகளை எடுத்தோம். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

மயூரி இறங்கவில்லை. நடுச் சீற்றில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன் சீற்றின் முதுகில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிப்பாய் வானுக்குள் ரோர்ச் அடித்தான். அவனுக்கு இருபது வயதுகூட இராது. "ஏன் இது இறங்கவில்லை?" என்று சிங்களத்தில் கேட்டான்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன். "கனடாவுக்குப் போகிறாள். அங்கே இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நான் பழக்கினேன்."

"அங்கே இறங்கத் தேவையில்லையா?"

"இல்லை."

அவன் அந்தச் சின்னக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ரோர்ச்சை அணைத்தான். "அப்படியே இரு, நங்கி" என்றான். நங்கி என்றால் தங்கச்சி. சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, அட்டைகளுக்காகக் கையை நீட்டினான்.